முள் ஆடுது, தண்ணி இன்னும் வரல

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் உடல்நலக் குழுவின் சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



வழக்கமாக உடல்நலக் குழு மேடை ஏறினால் இரத்தசோகை, கர்ப்பப்பைப் பரிசோதனை, தடுப்பூசி என்றுதான் பேசுவோம். "இதையேதான் போன மாசமும் சொன்னீங்க" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பதும் எங்களுக்குத் தெரியும்! இன்றைக்கு வேறு விஷயம். முதுகுத் தண்டுவடம் அடிபட்டு கை கால் விழுந்தவர்களுக்குத் தசையின் மின்சாரத்தைத் திரையில் காட்டிப் பயிற்சி கொடுக்கும் ஒரு முறையைப் பற்றி. இது நம் சங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடன் விண்ணப்பத்தில்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் மாசி மாதம், புளி உலுக்கும் நேரம். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகன், இருபத்தி நாலு வயசு, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. லீவு நாளில் வீட்டுப் புளிய மரத்தில் ஏறினான். கிளை முறிந்து கழுத்து மடிய விழுந்தான். சத்தம் கேட்டு ஓடிப் போனோம். அக்குளில் இரண்டு பேர், காலில் இரண்டு பேர் என்று தூக்கி, தலை பின்னால் தொங்கத் தொங்க ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றினோம். தூக்கியவர்களில் இரண்டு பேர் இந்த உடல்நலக் குழுவிலேயே இருக்கிறோம். அப்படித் தூக்கியது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. விழுந்ததில் எவ்வளவு கெட்டது, நாங்கள் தூக்கியதில் எவ்வளவு கெட்டது என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனாலேயே இன்றைக்கு இங்கே நின்று பேசுகிறோம்.

கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தான். முழங்கையை மடக்க வந்தது, மணிக்கட்டை மேலே தூக்க வந்தது. முழங்கையை நீட்ட வரவில்லை. விரல்கள் இல்லை, கால்கள் இல்லை. நாலு மாதம் ஆன பிறகு அவன் அம்மா குழுக் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் எடுத்து வந்தார். ஒரு தனியார் சிகிச்சை மையம். "மெஷின் மூலம் நடக்க வைக்கிறோம்" என்று போட்டிருந்தது. முப்பது முறை, மூன்று லட்சம். அங்கே போய் ஒரு நாள் காட்டியும் வந்துவிட்டார். "காலுல ஸ்டிக்கர் ஒட்டி கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. கோடு எகிறுச்சு. கால் உயிரோடதான் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. சங்கத்துல கடன் குடுங்க, நான் நாலு வருஷத்துல கட்டிடுறேன்."

எங்கள் குழுவின் மொத்த நிதியே நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே வீட்டுக்கு மூன்று லட்சம் கொடுத்தால் மற்ற பதினாலு பேரும் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட எங்கே போவது? ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது? ஒருத்தி, "பையன் நடக்கிறதுக்கு குடுக்கலன்னா சங்கம் எதுக்கு?" என்றாள். இன்னொருத்தி, "நடப்பான்னு எழுதிக் குடுப்பாங்களா?" என்றாள். அன்று தீர்மான நோட்டில் எதுவும் எழுதாமலே எழுந்தோம். இப்படி நடந்தது எங்கள் குழுவில் அதுவே முதல் தடவை. விசாரித்து வந்து சொல்கிறோம் என்று உடல்நலக் குழுவில் மூன்று பேர் பொறுப்பு எடுத்துக்கொண்டோம்.

விசாரித்ததை எங்களுக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறோம்.

நம் ஊர் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் ஆம்பியர் காட்டும் முள் ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தினால் ஆயிரம் அடிக்குக் கீழே மோட்டார் ஓட ஆரம்பிக்கும், முள் ஆடும். குழாயில் தண்ணீர் வர நேரமாகும். சில நாள் வராமலும் போகும். ஆனால் முள் ஆடினால் கரண்ட் கீழே போகிறது, மோட்டார் இழுக்கிறது என்று தெரியும். முள் ஆடவே இல்லை என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

நம் உடம்பும் அப்படித்தான். மூளை "நீட்டு" என்று சொன்னால் அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக இறங்கி நரம்பு வழியாகத் தசைக்குப் போகிறது. தசை வேலை செய்யும்போது அதில் ஒரு சின்ன மின்சாரம் எழும்புகிறது. டார்ச் பேட்டரி ஒன்றரை வோல்ட் என்றால், தோலுக்கு மேலே கிடைக்கும் தசை மின்சாரம் பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பலவீனமான தசையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதைப் பெருக்கிக் காட்டும் கருவிக்கு இ.எம்.ஜி. என்று பெயர். அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து நோயாளியே தன் தசையைப் பழக்குவதைத்தான் பயோஃபீட்பேக் என்கிறார்கள்.

இங்கே ஒன்று கவனியுங்கள். இந்தக் கருவி உடம்புக்குள் கரண்ட் விடுவதில்லை. உடம்பிலிருந்து வருவதைக் கேட்கிறது, அவ்வளவுதான். கரண்ட் விட்டுத் தசையைச் சுருக்கும் கருவி வேறு. அதற்கும் பிசியோதெரபியில் இடம் உண்டு. இரண்டையும் நம் ஊரில் "கரண்ட் வைத்தியம்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். விற்கிறவர்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைப்பதில்லை.

தண்டுவடம் அடிபட்ட எல்லோருக்கும் ஒயர் முழுசாக அறுந்துவிடுவதில்லை. சிலருக்கு நசுங்கியிருக்கும். நூறு இழையில் அஞ்சோ பத்தோ மிஞ்சியிருக்கும். முழுக்காயமா அரைகுறைக் காயமா என்று டாக்டர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அங்கே இறுக்க முடிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார்கள். தண்டுவடத்தின் கடைசி முனையிலிருந்து வரும் நரம்பு அங்கேதான் போகிறது. அங்கே உயிர் இருந்தால் காயத்தைத் தாண்டி ஏதோ இழை மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டு இந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பெண் நோயாளி என்றால் பெண் டாக்டரைக் கேளுங்கள், ஆனால் சோதனை நடக்கட்டும்.

பிறகு அந்தப் பையனைப் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அம்மாவோடு நாங்களும் மாற்றி மாற்றிப் போனோம். நமக்குப் பெங்களூர் என்றால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடும். நிம்ஹான்ஸ் மருத்துவமனையே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. நரம்பு மறுவாழ்வுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. நம் ஊர் பெயர் வைத்த ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நோட்டீஸைப் பார்த்து அலைகிறோம், அதுதான் வருத்தம்.

முதல் நாள் பார்த்ததை மறக்க முடியாது. பையனை மேஜை முன்னால் உட்கார வைத்தார்கள். கை எளிதாக வழுக்கட்டும் என்று மேஜையில் பவுடர் தூவினார்கள். மேல்கைக்குப் பின்பக்கம், அதாவது முழங்கையை நீட்டும் தசைமேல், ஸ்பிரிட் வைத்துத் துடைத்து ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒட்டினார்கள். முன்பக்கம் மடக்கும் தசை மேலும் ஒட்டினார்கள். ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. திரையில் இரண்டு தூண்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பிசியோதெரபி மேடம் கன்னடத்தில் நீட்டச் சொன்னார். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு முக்கினான். கை அசையவில்லை. "கையைப் பார்க்காதே, திரையைப் பார்" என்றார். இந்தத் தடவை பச்சைத் தூண் ஒரு விரல் அகலம் எழும்பியது. விட்டதும் விழுந்தது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் எழும்பியது. கை அப்படியே கிடக்கிறது, தூண் மட்டும் ஏறி இறங்குகிறது.

நாங்கள் சந்தோஷத்தில் கை தட்டிவிட்டோம். அவன் அம்மா மட்டும் ஓவென்று அழுதார். "நாலு மாசமா நீ முயற்சியே பண்ணலடான்னு திட்டிட்டேனே. எத்தனை நாள் சோறு வெச்சிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேனே" என்றார். யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. அவன் முயற்சி செய்துகொண்டுதான் இருந்திருக்கிறான். அது அவனுக்கே தெரியவில்லை. கை அசையாததால், எந்த விதமாக முயன்றால் செய்தி கீழே இறங்குகிறது, எந்த விதமாக முயன்றால் இறங்கவில்லை என்று அவன் மூளைக்குத் திரும்பச் சொல்ல ஆளில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி. கருவி அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

அடுத்து மேடம் திரையில் தூணுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு வைத்தார். தூண் கோட்டைத் தொட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும். தொட்டுப் பழகியதும் கோட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். "இன்னூ ஸ்வல்ப, இன்னூ ஸ்வல்ப" என்பார். எங்களுக்கு அந்த ஒரு கன்னட வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா "இங்கொஞ்செம் ரா" என்பார். மூன்று பாஷையிலும் இன்னும் கொஞ்சம்தான்! சிவப்புத் தூண் ஏறக்கூடாது. மடக்கும் தசை பழக்க தோஷத்தில் நடுவில் புகுந்து இழுக்கும். அதை அடக்கி வைப்பதும் பயிற்சியில் பாதி. பத்துத் தடவை செய்தால் ஓய்வு. அரை மணி நேரத்தில் பையன் களைத்துப் போவான்.

இந்த முறை புதிதல்ல. 1963இல் பாஸ்மஜியன் என்ற கனடா நாட்டு விஞ்ஞானி, மெல்லிய கம்பி வைத்துத் தசையின் ஒலியை ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார். அதைக் கேட்டுக்கேட்டே ஜனங்கள் ஒரே ஒரு நரம்பு அணுவின் கீழ் உள்ள தசை இழைகளை மட்டும் இயக்கப் பழகினார்கள். மேளம் தட்டுவதுபோல் தாளத்துக்கு இயக்கினவர்களும் உண்டு. அமெரிக்காவில் மயாமி நகரத்தில் பெர்னார்ட் ப்ரக்கர் என்பவர் இதைத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கே பல வருஷம் செய்தார். கழுத்தில் அடிபட்டு நீண்ட நாளான 100 பேருக்கு முழங்கை நீட்டும் தசையில் பயிற்சி கொடுத்து, மின்சமிக்ஞை கூடியதாக 1996இல் வெளியிட்டார். நம் நாட்டிலும், அரைகுறைக் காயம் உள்ளவர்களுக்குப் பிட்டத் தசையில் இப்படிப் பயிற்சி கொடுத்து நடையை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது.

ஆனால் நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ப்ரக்கரின் ஆய்வில், பயிற்சி கொடுக்காத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சமிக்ஞை கூடுவது ஒன்று, கை தானாகச் சோறு அள்ளுவது இன்னொன்று. முள் அதிகம் ஆடினால் தண்ணீர் அதிகம் வரும் என்று சத்தியம் செய்ய முடியுமா? அறுந்த ஒயரை இந்தக் கருவி ஒட்ட வைக்காது. மிஞ்சிய இழையை முழுசாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும். மிச்சம் இல்லாத இடத்தில் கற்றுக்கொடுக்கவும் எதுவும் இல்லை. அடிபட்ட முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள்தான் இயற்கையாகவே அதிகம் திரும்பி வருகிறது என்பதால், அந்தக் காலத்தில் எந்த வைத்தியம் செய்தாலும் அந்த வைத்தியத்துக்கே பெயர் போய்விடும்.

அப்படியானால் அந்தத் தனியார் மையத்தில் கால் தசையில் கோடு எகிறியதே, அது என்ன? நாங்கள் கேட்டோம். மேடம் கால் தசையில் ஒட்டிக் காட்டினார். "காலைத் தூக்கு" என்றார். கோடு படுத்தே கிடந்தது. பிறகு கட்டிலை லேசாகத் தட்டினார். கால் துள்ளியது, கோடு எகிறியது. அது துடிப்பு. காயத்துக்குக் கீழே தண்டுவடம் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தானாகச் செய்வது. கால் ஆடுது, உயிர் வந்துடுச்சு என்று நம் வீடுகளில் தேங்காய் உடைப்பது இதைப் பார்த்துத்தான். பக்கத்துத் தசையின் மின்சாரமும் திரையில் வரும். ஸ்டிக்கர் சரியாக ஒட்டவில்லை என்றால் சுவரில் ஓடும் கரண்டின் இரைச்சல்கூடக் கோடாக வரும். ஆக, யாராவது திரையைக் காட்டினால் நாமே ஒரு சோதனை செய்யலாம். பையனிடம் "செய்" என்று சொல்லும்போது ஏற வேண்டும், "விடு" என்று சொல்லும்போது இறங்க வேண்டும், மூன்று தடவை அதே மாதிரி நடக்க வேண்டும். சொல்லாதபோது ஏறினால் அது அவன் செய்தது அல்ல. இந்தச் சோதனைக்குப் படிப்பு தேவையில்லை.

இதைத் தெரிந்துகொண்டு ஊருக்கு வந்தோம். அடுத்த கூட்டம் கஷ்டமான கூட்டம். மூன்று லட்சம் கொடுக்கவில்லை. நாற்பத்தைந்தாயிரம் கொடுத்தோம். வீட்டு வாசலில் சாய்தளம் கட்ட, கழிப்பறைக் கதவை அகலப்படுத்த, சக்கர நாற்காலிக்கு நல்ல மெத்தை வாங்க, ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கு. அம்மாவுக்குக் கோபம். "என் பையன் நடக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றார். இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை, சந்தாவை மகளிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் செய்தது சரியா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு உண்டு. உடல்நலக் குழுவிலேயே ஒருவர், "ஒரு லட்சமாவது குடுத்திருக்கலாம், அம்மா மனசு ஆறியிருக்கும்" என்கிறார். மனசு ஆறக் கடன் கொடுத்தால் வட்டி யார் கட்டுவது என்று மற்றவர்கள் கேட்கிறோம்.

பையன் ஆறு வாரம் அங்கே வார்டில் இருந்தான். கடைசியில் இடது முழங்கை மேஜைமேல் முழுசாக நீண்டது. வலது கை பாதிதான். இது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். முழங்கையை நீட்டிப் பூட்ட முடிந்தால் கட்டிலில் கையை ஊன்றி உடம்பைத் தள்ளலாம். சறுக்குப் பலகை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். முன்பு அவனைத் தூக்க மூன்று பேர் வேண்டும். இப்போது அம்மா ஒருத்தர் போதும். கால் வரவில்லை. வரும் என்று டாக்டர்கள் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கருவி ஏது? அதற்கும் மேடம் வழி சொல்லி அனுப்பினார். அவன் நீட்டும்போது அம்மா இரண்டு விரலை மேல்கையின் பின்பக்கம் வைக்க வேண்டும். தசை இறுகுவது விரலுக்குத் தெரியும். தெரிந்ததும் "வந்துச்சு" என்று சொல்ல வேண்டும். முன்னால் ஒரு கண்ணாடி. விரல்தான் கருவி, அம்மா குரல்தான் மணி. காலையில் பத்து, சாயந்திரம் பத்து.

நம்பிக்கை எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் போயின. அப்போது இளம் டாக்டர். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. அவர் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கி வைத்த இடத்துக்கு இன்றைக்கும் ஜனங்கள் போகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் ஒரே பஸ். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று இருக்கிறது. அதை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் வந்தபோது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதலில் தூக்குவது. மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர், கல் குவாரியில் அடிபட்டவர், நாலுவழிச் சாலையில் வண்டியிலிருந்து விழுந்தவர், யாராக இருந்தாலும் உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்காதீர்கள். 108க்கு போன் செய்துவிட்டு ஒருவர் தலையை இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை கழுத்து முதுகு இடுப்பு ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பி, கீழே பலகையைச் சொருகித் தூக்க வேண்டும். கதவுப் பலகையே போதும். கட்டுக் கட்டுகிறவரிடம் கழுத்தையும் முதுகையும் கொண்டு போகவே போகாதீர்கள்.

அப்புறம் படுக்கைப் புண். தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொல்வது பெரும்பாலும் தண்டுவடம் அல்ல, புண்ணும் மூத்திரக் கோளாறும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும்தான். தினமும் பிட்டம், குதிகால், இடுப்பெலும்பு மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்பு போகாமல் நின்றால் அந்த இடத்தில் பாரம் வைக்கக்கூடாது. வெந்நீர் ஒத்தடம் கூடாது, அவர்களுக்குச் சுடுவது தெரியாது. மூத்திரத்துக்கு நிரந்தரமாக டியூப் வைத்து விடுவதைவிட, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கையோடு டியூப் போட்டு எடுத்துவிடும் முறையை நர்ஸிடம் கற்றுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று எங்களுக்கே புதுசு. மணிக்கட்டைத் தூக்க மட்டும் முடிகிறவர்களுக்கு, மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியில் டம்ளர், ஸ்பூன் பிடிக்கலாம். நாம் பாசத்தில் எண்ணெய் போட்டு, மணிக்கட்டையும் விரலையும் ஒரே நேரத்தில் நன்றாக விரித்து விரித்து உருவினால் அந்தப் பிடி தளர்ந்து போகும். அந்த அம்மாவும் நாலு மாதம் உருவியிருக்கிறார். மேடம் சொன்னபிறகு நிறுத்தினார்.

உதவிகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிப்பதும் உண்டு. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் நம் மாதிரி குழுப் பெண்கள்தான். உங்கள் ஊரில் அடிபட்டவர் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதை வைத்து மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி இவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, கையில் நம்பர் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அந்தப் பையனுக்குப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் நம்பர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடியே ஒன்றரை மாதம் போயிற்று. வேலையில் அடிபடாவிட்டாலும் வைத்தியத்துக்கு அது உதவும்.

அந்த அம்மா போன மாதம் கூட்டத்துக்கு வந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு பையனைத் தனியே விட்டுவிட்டு அவர் முழுக் கூட்டமும் இருந்தது அதுதான் முதல் தடவை. போகும்போது எங்களைப் பார்த்து, "அந்த மூணு லட்சத்தை நான் இன்னும் மறக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கடன் தவணை தவறாமல் வருகிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அடிபட்டவரைப் பலகையில் தூக்குவதைச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் கட்டாயம் வர வேண்டும். ஊக்குநர், பிரதிநிதிதான் வர வேண்டும் என்றில்லை, கையில் வலு உள்ளவர்கள் வாருங்கள். பழைய கதவுப் பலகை யார் வீட்டிலாவது இருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொண்டுவந்து போடவும்.